வீதி திறந்தாச்சு... இறங்கிப் பார்க்கலாமா?

2025 ஏப்ரல் 10, காலை. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே வசாவிளான் சந்தி. 1990-இல் சண்டை முற்றியபோது ஊரோடு சேர்த்து மூடப்பட்ட பலாலி வீதியின் ஒரு துண்டு, 35 ஆண்டு கழித்து அன்றுதான் பொதுமக்களுக்குத் திறந்தது. தடுப்பு அகன்றதும் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார் என்று வரிசையாக உள்ளே நுழைந்தன. இரு பக்கமும் கூரையில்லாத வீடுகள், சுவரைப் பிளந்து வளர்ந்துவிட்ட மரங்கள், இராணுவ வேலி. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே போனார்கள், யாரும் இறங்கவில்லை. இறங்க விதியில்லை. காலை 6 முதல் மாலை 5 வரைதான் அனுமதி, வண்டியை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, நடந்து போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று திறந்த அன்றே நிபந்தனைகளையும் போட்டுவிட்டார்கள். பிறந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகலாம், வாசலில் கால் வைக்க முடியாது என்பதுதான் அன்றைய நிலை.

இலங்கையின் ஒதுக்குப்புறங்களை வண்டியில் சுற்றுவது பற்றி எழுத உட்கார்ந்தால், இந்த நிபந்தனைகளைத் தாண்டி எழுத்து நகர மறுக்கிறது. 2009-இல் யுத்தம் முடிந்த பிறகு அங்கே வடக்கிலும் கிழக்கிலும் வீதிகளும் பாலங்களும் மளமளவென்று வந்தன. சீனக் கடன், ஜப்பானிய உதவி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் என்று பணம் கொட்டியது. இன்றைக்கு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே விரியும் வன்னியின் பிரதான வீதிகளில் பல, நம்மூர் மாநில நெடுஞ்சாலைகளைவிட வழவழப்பானவை. ஆனால் அந்த வீதிகளில் போகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், யாரிடம் சாப்பிடுகிறார்கள், யார் வீட்டில் தங்குகிறார்கள்? அதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

இப்போது நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இலங்கை டூர் பேச்சுதான். 2024-இல் அந்த நாட்டுக்குப் போன சுற்றுலாப் பயணிகள் சுமார் 20.5 லட்சம். அதில் இந்தியர்கள் மட்டும் 4.16 லட்சத்துக்கு மேல். நாடுவாரியாகப் பார்த்தால் நாம்தான் முதலிடம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது, நான்கு மணி நேரத்தில் அக்கரை. பலாலிக்கு விமானமும் உண்டு. இவ்வளவு வசதி இருந்தும் வேன் பிடித்த கையோடு எல்லாரும் ஓடுவது அதே வட்டத்துக்குத்தான்: சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி. கொஞ்சம் பக்தி சேர்ந்தால் நல்லூர், கதிர்காமம்.

மொத்த நாடே 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. கொழும்பிலிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய சென்னை - திருச்சி தூரம். இதில் எட்டாத ஊர் என்று எது இருக்க முடியும்? இருக்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி மன்னார் மாவட்டத்திலும் முல்லைத்தீவு மாவட்டத்திலும் மக்கள்தொகை தலா ஒரு லட்சத்தைத் தொடவில்லை. அந்த ஊர்களை ஒதுக்குப்புறம் ஆக்கியது தூரம் இல்லை. கடல்நீரேரி, காடு, யுத்தம், முகாம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்த நான்கு தடைகள்.

ஏ-32: எல்லாரும் தாண்டிப் போகும் கரை

யாழ்ப்பாணம் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏ-9 வீதியைப் பிடிப்பார்கள். கண்டியில் தொடங்கி வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக 321 கிலோமீட்டர். அதற்கு மேற்கே, கடலை ஒட்டி மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் ஏ-32. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துபோகும், அதுதான் இந்த வீதியின் துரதிர்ஷ்டம்.

மன்னார் தீவில் தெருக்களில் கழுதைகள் கட்டுப்பாடின்றித் திரியும். பள்ளிமுனையில் பெருக்க மரம் ஒன்று நிற்கிறது. ஆப்பிரிக்காவின் பாவோபாப்தான், அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். தீவின் தென்கரையில் 2020 இறுதியில் அரசு நிறுவிய 30 காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன, 103.5 மெகாவாட். இன்னும் காற்றாலைகள் வருகின்றன என்றதும் 2025-இல் மன்னார் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மழைத் தண்ணீர் வடியும் வழி அடைபடுகிறது, வலசைப் பறவைகளின் வழி கெடுகிறது, மீன்பாடு குறைகிறது என்பது அவர்கள் முறையீடு. சுற்றுலாக்காரர்கள் காற்றாலைகளைப் பின்னணியில் வைத்து செல்ஃபி எடுக்கும் அதே கரைதான்.

திருக்கேதீஸ்வரத்தைத் தாண்டி வடக்கே திரும்பினால் விடத்தல்தீவு. அலையாத்திக் காடும் கடற்புல் வெளியும் சேர்ந்த இந்தப் பகுதியை 2016-இல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். எட்டே ஆண்டுகளில், 2024-இல், அதில் 168 ஹெக்டேரை மீன் வளர்ப்புக்காகப் பிரித்தெடுக்க அரசிதழ் வந்தது; சூழலியலாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். வீதியில் நின்று பார்த்தால் இது எதுவும் தெரியாது. இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் பனை, அவ்வளவுதான்.

இன்னும் மேலே போனால் முழங்காவில், நாச்சிக்குடா, இரணைமாதா நகர். இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். கடலுக்குள்ளே தெரிவது இரணைதீவு. 1992-இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் யுத்தம் முடிந்தும் திரும்பிப் போக முடியவில்லை, தீவில் கடற்படை இருந்தது. மனு கொடுத்தார்கள், கரையில் உட்கார்ந்து போராடினார்கள். கடைசியில் 2018 ஏப்ரலில் யாரையும் கேட்காமல் தங்கள் படகுகளில் ஏறித் தாங்களே தீவுக்குப் போய் இறங்கிவிட்டார்கள். 2021 மார்ச்சில் கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்க இடம் தேடிய அரசுக்கு இதே தீவு சட்டென்று நினைவுக்கு வந்தது. கொழும்பிலிருந்து வரைபடத்தைப் பார்த்தால் இரணைதீவு ஆளில்லாத மூலை போலத்தான் தெரியும். கரையில் மறுபடி போராட்டம். திட்டம் கைவிடப்பட்டது.

இந்தக் கரையோரக் கிராமங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னால் பிளேன்டீ வரும், கூடவே கேள்வியும் வரும்: உங்கட ரோலர்களை எப்ப நிப்பாட்டுவீங்கள்? இழுவைமடி விசைப்படகு நம் செய்திகளில் கைதாகும் மீனவராக மட்டுமே வருகிறது. அங்கே அது, ராத்திரியில் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகும் எஞ்சின் சத்தம். இலங்கை 2017-இல் தன் கடலில் அடிமடி இழுவையைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. இருபது ஆண்டு மீன்பிடிக்க முடியாமல் இருந்து இப்போதுதான் கடன் வாங்கி வலை வாங்கியவரிடம் ‘பாரம்பரியக் கடல்’ என்று நாம் பேசினால், அவர் மரியாதைக்காகத் தலையை மட்டும் ஆட்டுவார். கச்சத்தீவு பற்றி மேடை போட்டுப் பேசுகிற நம் தலைவர்கள் யாராவது ஒருநாள் இந்த வீதியில் வண்டியை நிறுத்தி இறங்கினால் நல்லது.

பூநகரி தாண்டியதும் நிலம் முடிந்து நீர் வருகிறது. சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் நடுவே 288 மீட்டர் பாலம். அதற்கு முன்னே இங்கே ஓடியது ‘பாதை’. வண்டிகளை ஏற்றிக்கொண்டு கடக்கும் மிதவையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். 2011 ஜனவரியில் பாலம் திறந்ததும் யாழ்ப்பாணத்துக்கு இரண்டாவது நிலவழி கிடைத்தது. அதுவரை ஆனையிறவைப் பிடித்தவன் யாழ்ப்பாணக் குடாநாட்டையே பிடித்தான் என்ற நிலை. பாலத்தின் நடுவே நின்றால் இரு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் நட்ட கழிகளில் கட்டிய களங்கட்டி வலைகள், இறாலும் நண்டும் பார்க்கத் தண்ணீரில் நடந்தே வரும் ஆட்கள். வண்டிகளோ எழுபதில் பறக்கின்றன.

பெட்டிச் செய்தி: பாலம் வந்த வரிசை

2009: திருகோணமலை - கிண்ணியா பாலம், 396 மீட்டர். இலங்கையின் மிக நீளமான வீதிப் பாலம்.
2010: மன்னார் தீவைத் தரையோடு இணைக்கும் புதிய பாலம். பழையது 1990-இல் தகர்க்கப்பட்டது.
2011: சங்குப்பிட்டி - கேரதீவு பாலம், 288 மீட்டர்.
2014: மட்டக்களப்புக் களப்பின் குறுக்கே மண்முனைப் பாலம், 210 மீட்டர்.
2025: முல்லைத்தீவு வட்டுவாகலில் புதிய பாலத்துக்கான வேலை தொடக்கம்.

வில்பத்து: யாருடைய வீதி?

மன்னாரிலிருந்து தெற்கே புத்தளம் போக ஒரு பழைய வீதி உண்டு. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வழியாகப் போய் வில்பத்து தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து எலுவன்குளத்தில் வெளியே வரும். அநுராதபுரம் சுற்றிப் போவதைவிட சுமார் 70 கிலோமீட்டர் மிச்சம். இந்த ஒரு வீதிக்காக நடக்கும் சண்டையைப் புரிந்துகொண்டால் இலங்கையில் பாதி புரிந்த மாதிரி.

முதலில் அழகைச் சொல்லிவிடுகிறேன். அரிப்பில் கடலோர மேட்டில் ஒரு பங்களா இடிந்து நிற்கிறது. முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801-1804-இல், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டியது. கிரேக்கக் கோயில் பாணித் தூண்களோடு கட்டியதை, கடல் வருடா வருடம் அடியிலிருந்து தின்றுகொண்டிருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த சில வாரங்களுக்கு இந்த வெற்றுக் கரையில் பல்லாயிரம் பேர் கொண்ட நகரமே முளைக்கும். கீழக்கரையிலிருந்து போன நம் முத்துக்குளியாளர்களும் அதில் உண்டு. 1906-இல் மறிச்சுக்கட்டியில் அரசு அதிகாரியாக வேலை பார்த்த இளைஞர் லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர். பூங்காவுக்குள் இருக்கும் பொம்பரிப்பில் தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தாமிரபரணிக்கும் இந்தக் கரைக்கும் அவ்வளவு பழைய போக்குவரத்து.

இனி சண்டை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 75,000 பேர். மன்னார்க்காரர்கள் பெரும்பாலும் புத்தளம் பக்கம் போய்க் கொட்டகை போட்டார்கள். ஒரு தலைமுறை அங்கேயே வளர்ந்துவிட்டது. 2009-க்குப் பிறகு ஊர் திரும்பத் தொடங்கியவர்களுக்கு ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் சிலாவத்துறையில். பிள்ளை படிப்பது அங்கே, காணி இருப்பது இங்கே. அவர்களுக்கு இந்த வீதி ஊர் திரும்பும் வழி.

வில்பத்துவோ 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த, நாட்டின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. சிறுத்தையும் கரடியும் யானையும் உள்ள காட்டின் ஊடாகப் பொதுவீதி ஓடக்கூடாது என்று சூழலியல் அமைப்புகள் 2010-இல் உச்ச நீதிமன்றம் போயின. திரும்பி வந்தவர்கள் குடியேறக் காடு வெட்டப்பட்டதும் வழக்காகி, 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முன்னாள் அமைச்சரைத் தன் செலவில் மறுபடி காடு வளர்க்கச் சொன்னது.

காட்டுக்காரர்கள் சொல்வது நியாயம். துரத்தப்பட்டு இருபது ஆண்டு கழித்துத் திரும்பியவன் காணியைக் காடு விழுங்கியிருந்தால் அவன் எங்கே போவான் என்பதும் நியாயம். என்னைக் கேட்டால், காட்டுக்குள் வேக வீதி வேண்டாம். அந்த 70 கிலோமீட்டரைச் சுற்றிப் போகும் ஏழைக் குடும்பத்துக்கு நேரடி பஸ்ஸும் மலிவான கட்டணமும் அரசு கொடுக்கட்டும். இரண்டு பக்கமும் இந்த யோசனை எடுபடாது என்பதும் தெரியும். பயணிக்குச் சொல்ல ஒன்றுதான்: கூகுள் வரைபடம் குறுக்குவழி காட்டுகிறது என்று நம்பி இறங்காதீர்கள். மழைக்காலத்தில் கலா ஓயா ஆறு பெருகினால் எலுவன்குளம் தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விடும்.

பெட்டிச் செய்தி: வண்டி எடுக்கும் முன்

அங்கேயும் நம்மைப் போலவே இடப்பக்கப் போக்குவரத்து. ஆனால் இந்திய லைசென்ஸை மட்டும் காட்டி ஓட்ட முடியாது. தற்காலிக அனுமதி வேண்டும்; 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கவுன்டர் வைத்திருக்கிறார்கள்.

காருக்கு ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீட்டர் வேகம். ஆட்டோவுக்கு எங்கும் 40தான். வாடகை ஆட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு சுற்றுவது வெள்ளைக்காரர்களிடம் இப்போது பெரிய மோகம். வன்னிக்கு அது பொருத்தமான வேகமும்கூட.

வடக்கு, கிழக்குக்கு மழை அக்டோபர் முதல் ஜனவரி வரை. வன்னியில் இரவு ஓட்டவே வேண்டாம். நடுவீதியில் மாடுகள் படுத்திருக்கும், யானை நிற்கும்.

மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் வீதியை விட்டு ஓரடி கூட இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சர்வதேச உடன்படிக்கைப்படி 2028 வரை அவகாசம்.

ஏ-35: பார்க்கப் போகிறோமா, வேடிக்கை பார்க்கவா?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதி, 2009-இல் உலகம் செய்மதிப் படங்களில் பார்த்த வீதி. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். லட்சக்கணக்கான மக்கள் டிராக்டரிலும் சைக்கிளிலும் தலையிலுமாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே கிழக்கே நகர்ந்து, போக இடமின்றி முடிந்த வழி. கடைசியில் உயிரோடு மிஞ்சியவர்கள் கடந்தது வட்டுவாகல் பாலத்தை.

ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய அந்தக் குறுகலான, உடைந்து ஒட்டுப்போட்ட பாலம், யுத்தம் முடிந்து 16 ஆண்டு அப்படியே கிடந்தது. சுற்றிலும் வீதியெல்லாம் கண்ணாடி போல ஆனபோதும் அது மட்டும் ஆகவில்லை. 2025 செப்டம்பரில்தான் புதிய பாலத்துக்கான வேலையைத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து டித்வா புயல். நாடு முழுக்க 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீதிகளும் பாலங்களும் நூற்றுக்கணக்கில் அறுந்தன. ஏ-35-இல் கிளிநொச்சி மாவட்டத்தில் சேதமான ஒரு பாலத்துக்குப் பதிலாக இந்திய இராணுவப் பொறியாளர்கள் வந்து 120 அடி நீள பெய்லி பாலம் போட்டுக்கொடுத்தார்கள், டிசம்பரில் போக்குவரத்து தொடங்கியது. 1990 மார்ச்சில் அந்த மண்ணை விட்டுக் கப்பலேறிய இராணுவம், இந்தமுறை இரும்புச் சட்டங்களோடு போயிருக்கிறது. அங்கே அதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள்.

யுத்தம் முடிந்த முதல் சில ஆண்டுகள், தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலத்தடி வீட்டைச் சுற்றிப்பார்த்துவிட்டுப் போனார்கள். இராணுவமே வழிகாட்டியது. 2013 அக்டோபரில் அதை இராணுவமே வெடிவைத்துத் தகர்த்தது. முல்லைத்தீவின் நந்திக்கடல் நீரேரி ஓரம் இராணுவம் ஹோட்டல் கட்டியது, காங்கேசன்துறையில் அதன் கடற்கரை விடுதி உண்டு. சாதாரணக் குடும்பம் ஒன்று கடைபோட வங்கிக் கடனுக்கு அலையும்போது, சம்பளமும் காணியும் அரசிடமிருந்தே வரும் போட்டியாளரோடு எப்படி ஈடுகொடுப்பது? வடக்கின் சுற்றுலா பற்றிப் பேசும் எந்த அரசுக் கூட்டத்திலும் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வந்ததில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017-லிருந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகையில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் வயதான அம்மாக்கள், கையில் மகனின் படம். அவர்கள் முன்னால் கேமராவை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நம்மூர் யூடியூபர்கள் சிலர் முள்ளிவாய்க்காலில் நின்று சோகப் பாட்டு போட்டு எடுத்த வீடியோக்களைப் பார்த்தபோது எனக்கு, சேனலுக்கு சப்ஸ்கிரைப் சொல்லும் இடம்தானா அது என்று எரிச்சலாக வந்தது.

கிழக்கில் இன்னும் ‘பாதை’ ஓடுகிறது

மட்டக்களப்புக் களப்பு ஊரை இரண்டாகப் பிளக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, அங்கே நகரம், பள்ளி, ஆஸ்பத்திரி. மேற்குப் பக்கம் படுவான்கரை, அங்கே நெல், மாடு, தயிர். மண்முனைப் பாலம் 2014-இல் வந்து ஒரு பக்கத்தை மாற்றியது. இன்னும் தெற்கே குருமண்வெளியிலிருந்து மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் மிதவையில்தான் களப்பைக் கடந்து பழகியவர்கள். அந்தக் காற்றுக்காகவே போகலாம்.

ஆனால் மிதவையை ரசிப்பது நமக்குச் சுலபம். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், புதிய பாலம் கட்டுகிறோம் என்று பழையதை மூடிவிட்டு, மாற்று ஏற்பாடாக ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். வேலை முடியும்வரை ஊர் எப்படிக் கடக்கும் என்று யாரும் உருப்படியாக யோசிக்கவில்லை.

கரையோரமாக இன்னும் தெற்கே போனால், பொத்துவில், அறுகம்குடா வரை அலைச்சறுக்கு விளையாடும் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம். அதைத் தாண்டிப் பாணமை, பிறகு உகந்தை முருகன் கோயில். அங்கே வீதி முடிந்து குமண காடு தொடங்குகிறது. வண்டிக்காரர்கள் திரும்ப வேண்டியதுதான். ஆண்டுக்கு ஒருமுறை, கதிர்காமத் திருவிழாவை ஒட்டி, கால்நடை யாத்திரைக்காரர்களுக்கு மட்டும் காட்டுவழி திறக்கும். யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் கிளம்பி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரை நெடுக வாரக்கணக்கில் நடந்து வந்தவர்கள், கும்புக்கன் ஓயாவைக் கடந்து யால காட்டுக்குள் போவார்கள். யுத்தகாலத்திலும் இந்த நடை முற்றாக அறுந்துபோகவில்லை. வழியில் சோறு போடுபவர்கள் கிராமத்துக்குக் கிராமம் இருக்கிறார்கள், தமிழரும் சிங்களவரும்.

காட்டுக்கு அந்தப் பக்கம், புத்தல - கதிர்காமம் வீதியில் யானைகள் நடுவில் நின்று வண்டிகளிடம் பழம் ‘வசூல்’ செய்யும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழகிய யானை, கொடுக்காத வண்டியின் கண்ணாடியை உடைக்கும். நாளை அது ஊருக்குள் வந்தால் துப்பாக்கியோ வெடியோ காத்திருக்கும். 2023-இல் மட்டும் இலங்கையில் இறந்த யானைகள் 470-க்கு மேல்.

மலையில் யாருக்கும் சொந்தமில்லாத வீதி

நுவரெலியா போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் படம் எடுக்காமல் வருவதில்லை. பிரதான வீதியிலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் தோட்டவீதியில் இரண்டு கிலோமீட்டர் ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. கல் பெயர்ந்த வீதி, ஆட்டோ மூக்கை உயர்த்திக்கொண்டு முனகும், பிரசவவலி கண்ட பெண்ணை அதில்தான் இறக்கிவர வேண்டும். ஏன் இப்படி? பஞ்சம் பிழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வாரிசுகள் வாழும் இந்தத் தோட்டங்களுக்குள், 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றம் செலவு செய்யவே வழியில்லாமல் இருந்தது. வீதி தோட்ட நிர்வாகத்துடையது. நிர்வாகம் போடாது, சபை போட முடியாது. 2018-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குள் முப்பது ஆண்டு போய்விட்டது. டித்வா புயலில் மலை சரிந்தபோது முதலில் துண்டிக்கப்பட்டதும் கடைசியில் எட்டப்பட்டதும் இப்படிப்பட்ட ஊர்கள்தான்.

முறிகண்டியில் மட்டும் எல்லாரும் நிற்கிறார்கள்

ஏ-9-இல் மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சிக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். முறிகண்டியான். அவரைத் தாண்டும் எந்த வண்டியும் நிற்காமல் போகாது என்பது நம்பிக்கை. டிரைவர் சிங்களவராக இருந்தாலும் இறங்கித் தேங்காய் அடிப்பார். அந்த ஐந்து நிமிட நிறுத்தத்தில் எதிரே ஒரு கச்சான் சந்தையே வாழ்கிறது. மணலில் வறுத்த சூட்டோடு நிலக்கடலையைப் பொட்டலம் கட்டிக் கையில் திணிக்கும் பெண்கள், கடைக்குக் கடை போட்டிக் கூவல். யுத்தத்துக்கு முன்னும் இருந்தது, வீதி மூடியபோது போனது, திறந்ததும் வந்துவிட்டது. எந்தத் திட்டமும் இதைக் கொண்டுவரவில்லை, பிள்ளையார் வண்டியை நிறுத்தினார், அவ்வளவே.

பிள்ளையார் இல்லாத இடத்தில் பயணிதான் நிறுத்த வேண்டும். வேனை கொழும்பு கம்பெனியில் எடுத்து, சாப்பாட்டை ஹோட்டல் சங்கிலியில் முடித்து, ராத்திரிக்கு யாழ்ப்பாணம் நகரில் விழுந்தால், நடுவில் கடந்த இருநூறு கிலோமீட்டருக்குக் கிடைப்பது புழுதி மட்டுமே. கிளிநொச்சி, முழங்காவில், முல்லைத்தீவு என்று எங்கும் இப்போது வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் உண்டு. ஏசி இருக்காது, கொசுவலை இருக்கும். ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுச் சிவப்பு நிற இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் ஏறினால், கண்டக்டரே எந்த ஊரில் என்ன பார்க்கலாம் என்று சொல்லி இறக்கிவிடுவார்.

சாப்பாட்டுக்கு ‘அம்மாச்சி’. வட மாகாண விவசாயத் திணைக்களம் சுமார் பத்தாண்டுக்கு முன் தொடங்கிய உணவகங்கள். சமைப்பதும் விற்பதும் உள்ளூர்ப் பெண்கள், யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. நாடு முழுக்க இதே போன்ற கடைகளுக்கு ‘ஹெல போஜுன்’ என்ற சிங்களப் பெயர்தான், இங்கும் அதையே வை என்று மத்திய அரசுத் தரப்பு கேட்டபோது மாகாணம் முரண்டுபிடித்தது. பெயர் நின்றது. கண்ணெதிரே தோசை ஊற்றுவார்கள். குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி, ஒடியல் கூழ், உழுந்து வடை, எதையெடுத்தாலும் மலிவு. கல்லாவில் விழும் காசு சமைத்தவர் வீட்டுக்கே போகும். நேரங்கழித்துப் போனால் பிட்டு தீர்ந்திருக்கும், எட்டு மணிக்கே போய்விடுங்கள்.

கிளிநொச்சியில் ஏ-9 ஓரமாகவே ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பரந்தன் சந்திக்குக் கால் மணி நேரம். நேரே போனால் யாழ்ப்பாணம், வலப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு.